பத்தடி தூரத்தில் ஒரு பத்திரிகை: இதழ்களையும் அவற்றின் அட்டைகளையும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் பேருந்து நிலையத்தில், மன்னார்குடி வண்டி புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒருவர் வண்டியிலிருந்து இறங்கிப் புத்தகக் கடையின் முன்னால் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கை உடனே எதையும் எடுப்பதில்லை. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் இதழ்களின் மேல் அவர் கண் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓடுகிறது. ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது. ஓரடி முன்னால் வருகிறார். ஓர் இதழை உருவி எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்காமலே பணத்தை நீட்டுகிறார். அவர் கை இதழைத் தொடும்வரை நடந்த அத்தனையும் அட்டை செய்த வேலை. உள்ளே எழுதியவர்களின் உழைப்பு, அவர் புரட்டத் தொடங்கிய பிறகுதான் கணக்குக்கு வருகிறது.

இந்த வழிகாட்டி, அந்த ஐந்து நிமிடத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கானது. குறிப்பாக, பள்ளி, கல்லூரி ஆண்டு மலருக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கும், தம் ஊருக்கென்று ஒரு சிறிய இதழ் தொடங்க நினைக்கும் காவிரிப் படுகை இளைஞர்களுக்கும் பயன்படவேண்டும் என்று எழுதப்பட்டது. வாசகர் வட்டங்களில் பல ஆண்டுகள் மாணவர்களோடு உட்கார்ந்து இதழ் தயாரித்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அட்டை என்பது அலங்காரம் அன்று. குறிப்பிட்ட ஒரு வாசகருக்கு, குறிப்பிட்ட ஒரு தூரத்திலிருந்து கொடுக்கப்படும் வாக்கு. யாருக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் செய்யப்படும் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

முதல் படி: இதழ் என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்ளுதல்

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொற்களே அழகானவை. இதழ் என்றால் பூவின் இதழ். பத்திரிகை என்ற சொல்லுக்குள் இலை என்று பொருள்படும் ‘பத்திரம்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேகசின்’ என்ற சொல்லோ, பண்டசாலை, கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’தான் பருவ இதழுக்கு அந்தப் பெயரை முதலில் சூட்டியது. பல இடங்களிலிருந்து வந்த பல வகைச் சரக்கைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் என்ற பொருளில் அவர் அதைப் பயன்படுத்தினார். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் கூம்புக் கூரையோடு நிற்கும் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் எளிதில் மனத்தில் பதியும். களஞ்சியம் என்ற சொல்லைப் பத்திரிகைக்குச் சூட்டுவதற்கு நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

நாளிதழ் நேற்று நடந்ததைச் சொல்கிறது. புத்தகம் ஒரே பொருளை முழுமையாகச் சொல்கிறது. பருவ இதழ் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாரம், இரு வாரம், மாதம் என்று முறை தவறாமல் வரும், பலர் எழுதுவார்கள், பல பொருள்கள் இருக்கும், ஆனாலும் ஒரே மனிதர் பேசுவதுபோன்ற குரல் இருக்கும். அடுத்த இதழ் வரும்வரை வீட்டில் கிடக்கும், கைமாறும், திண்ணையில் இன்னொருவர் படிப்பார். ‘முறையாக வருவது’ என்ற இந்தத் தன்மைதான் அட்டையின் சிக்கலைப் பிறப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே இதழ் என்று தெரியவும் வேண்டும். போன முறை வந்த இதழ் இல்லை என்று தெரியவும் வேண்டும்.

நம் படுகைக்கும் தமிழ் இதழியலுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் வாங்கி, வீடுதோறும் கொண்டுசேர்த்த எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். அங்கே ஆசிரியராக இருந்து, பின்னர் 1941-இல் சதாசிவத்தோடு சேர்ந்து தன் புனைபெயரிலேயே ‘கல்கி’யைத் தொடங்கிய கிருஷ்ணமூர்த்தி மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தவர். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, விகடன் பக்கங்களில் கோட்டாலேயே மனிதர்களைப் பேசவைத்தவர் கோபுலு. விற்பனையைக் கருதாமல் மொழிக்காக நடத்தப்பட்ட இதழுக்கும் இங்கேயே சான்று உண்டு. தஞ்சை கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925 முதல் ‘தமிழ்ப்பொழில்’ இதழை வெளியிட்டு வந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்கிய அந்த இதழையும் வெகுஜன வார இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அட்டை எவ்வளவு தூரம் வாசகரைப் பொறுத்தது என்பது விளங்கிவிடும். முன்னதை வாசகர் தேடிவந்து வாங்குகிறார். பின்னது வாசகரைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: கடைக்குப் போய்ப் பார்த்தல்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுதைக் கடைக்கு ஒதுக்குங்கள். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு இதழாவது வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்று அரைமணி நேரம் பாருங்கள். வருபவர் எந்த இதழைப் பெயர் சொல்லிக் கேட்கிறார், எதைப் பார்த்துவிட்டு எடுக்கிறார் என்று இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கேட்பவரிடம் அட்டைக்கு வேலை குறைவு. பார்த்து எடுப்பவரிடம்தான் அட்டை பேசுகிறது.

அடுத்து, இதழ்கள் எப்படித் தொங்குகின்றன என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் ஒன்றன்மேல் ஒன்று பாதி மறைத்தபடி இதழ்களைத் தொங்கவிடுவார்கள். பல நேரங்களில் மேல் பகுதி மட்டுமே கண்ணில் படும். இதழின் பெயரை அட்டையின் உச்சியில் வைக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம். பெயரைக் கீழே இறக்கி வைத்துப் புதுமை செய்ய விரும்பும் மாணவர்களை நான் தடுப்பதில்லை. கடைக்கு ஒருமுறை போய்வரச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

வாங்கி வந்த இதழ்களை மேசையில் பரப்பி அட்டையின் உறுப்புகளை அடையாளம் காணுங்கள். இதழின் பெயர் ஒரே எழுத்து வடிவத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கும். நிறம் மாறலாம், வடிவம் மாறாது. முதன்மைப் படம் ஒன்று. அதைச் சார்ந்த பெரிய அட்டை வரி ஒன்று. உள்ளே உள்ள மற்றக் கட்டுரைகளைச் சொல்லும் சிறு வரிகள் இரண்டு, மூன்று. தேதி, விலை, பட்டைக்குறி (பார்கோடு). வார இதழ்களில் அச்சிட்டிருக்கும் தேதி, கடைக்கு வந்த நாளைவிடச் சில நாள் தள்ளியே இருக்கும். வார இறுதியில் வாங்குபவருக்கும் இதழ் பழையதாகத் தோன்றக்கூடாது என்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது. அட்டை என்றால் முன்பக்கம் மட்டும் அன்று. முன் அட்டை, அதன் உட்புறம், பின் அட்டையின் உட்புறம், பின் அட்டை என்று நான்கு பக்கம் சேர்ந்ததுதான் அட்டை. விளம்பரக்காரர்கள் பின் அட்டைக்குக் கூடுதல் பணம் தருவது, மேசையில் இதழ் கவிழ்ந்து கிடந்தாலும் அது கண்ணில் படும் என்பதால்தான்.

இதழுக்கு இதழ் மாறும் முதன்மைப் படத்தைச் சாராத அடையாளங்களும் உண்டு. ‘டைம்’ இதழின் சிவப்புச் சட்டம் 1927 முதல் தொடர்கிறது. ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழை அதன் மஞ்சள் சட்டத்தைக் கொண்டே, பெயரைப் படிக்காமல் எடுத்துவிடலாம். விகடனின் குடுமித் தாத்தாவும் அப்படிப்பட்ட அடையாளமே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்த முகத்தைப் பார்த்து, ‘அந்தப் புத்தகத்தை எடு’ என்று பேரனிடம் சொல்ல முடிந்தது. உங்கள் இதழுக்கு இப்படி மாறாத ஒன்றை முதல் இதழிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான்காவது இதழில் சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் மூன்று இதழும் மூன்று வெவ்வேறு இதழ்களாகவே வாசகர் நினைவில் நிற்கும்.

மூன்றாம் படி: மூன்று தூரங்களை அளத்தல்

இதுவே என் பாடத்தின் மையம். ஒரே அட்டையை வாசகர் மூன்று தூரங்களில் பார்க்கிறார். ஒவ்வொரு தூரத்திலும் அவருக்குத் தெரிவது வேறு.

பத்தடி தூரத்தில், சாலையிலிருந்தோ பேருந்துச் சன்னலிலிருந்தோ பார்க்கும்போது, நிறமும் ஒற்றை வடிவமும் மட்டுமே தெரியும். முகம் தெரியும், யார் முகம் என்று தெரியலாம். எழுத்தில் இதழின் பெயர் தவிர வேறெதுவும் தெரியாது. இந்தத் தூரத்தில் அட்டை செய்ய வேண்டியது ஒன்றே: நிற்கவைப்பது. படத்தில் நான்கு பேர், பின்னணியில் கோயில், மேலே மேகம், மூலையில் ஒரு விளக்கு என்று அடைத்துவிட்டால் பத்தடியில் அது வெறும் கலங்கலாகத் தெரியும்.

மூன்றடி தூரத்தில், கை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில், பெரிய அட்டை வரி படிக்கக் கிடைக்கிறது. படம் எழுப்பிய கேள்விக்கு வரி ஒரு திசையைக் காட்ட வேண்டும். படம் சொல்வதையே வரியும் திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

கைக்குள் வந்த பிறகு, சிறு வரிகளும் பக்க எண்களும் விலையும் தெரிகின்றன. வாங்குவதற்கு இரண்டாவது காரணம் தேடும் வாசகருக்கு இங்கேதான் அது கிடைக்கிறது. முதன்மைக் கட்டுரை பிடிக்காதவரும் மூலையில் இருக்கும் சமையல் குறிப்பு வரியைப் பார்த்து வாங்கலாம்.

இன்றைக்கு நான்காவது ஒரு தூரமும் சேர்ந்துவிட்டது. கைப்பேசியில், வாட்ஸ்அப் குழுவில், கட்டைவிரல் நகத்தின் அளவில் அட்டை வந்து சேர்கிறது. ‘கல்கி’ 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிய பிறகு, அதன் அட்டையை வாசகர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி என்னவென்றால், பத்தடிச் சோதனையில் தேறிய அட்டை இங்கும் தேறிவிடும். திரையில் அட்டையை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். இதழின் பெயரும் படத்தின் கருவும் தெரிந்தால் போதும்.

நான்காம் படி: வாசகரை ஒரே ஆளாக்குதல்

‘எல்லோருக்கும்’ என்று சொல்லாதீர்கள். வலங்கைமானில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரரா, தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணா, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊர்ச்செய்திக்கு ஏங்கும் மயிலாடுதுறைக்காரரா என்று ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் இந்த வாரம் எதைப்பற்றிக் கவலைப்படுகிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் இதழைச் சற்றுத் தள்ளிப்போடுவது நல்லது.

ஐந்தாம் படி: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். தஞ்சை மாவட்டத்து மலர் என்றாலே பெரிய கோயில் விமானம், நெல் என்றாலே கதிர், வறட்சி என்றாலே வெடித்த வயல். இந்தப் படங்களின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. 1010-இல் எழுந்த அந்த விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்பவே தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்த படத்தில் கண் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எனவே பொருளின் முழு உருவத்தை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு சிறு செயலைத் தேடுங்கள். சுவாமிமலைச் சிற்பிகளைப்பற்றிய இதழ் என்றால், முடிந்த நடராசர் சிலைக்குப் பதிலாக, மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணை அப்பும் விரல்கள். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரம் என்றால், வாசிப்பவருக்குப் பதிலாக, ஆச்சா மரக் குழலில் துளையிடும் கையும் பறக்கும் மரத்தூளும். செயல் நடந்துகொண்டிருக்கும் படத்தில் ‘அடுத்து என்ன’ என்ற கேள்வி தானாகவே பிறக்கிறது.

ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். வழக்கப்படி சூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதையொட்டி, எங்கள் வட்டத்து மாணவர்கள் குறுவைச் சிறப்பிதழ் ஒன்றைத் தயாரித்தார்கள். அட்டைக்கு வந்த முதல் யோசனை, மதகுகளில் நுரைத்துப் பாயும் நீர். அழகான படம்தான், ஆனால் அதே வாரத்தில் எல்லா நாளிதழ்களிலும் அதே படம் வரும். இரண்டாவது யோசனை, இணையத்தில் கிடைத்த பச்சை வயல். உற்றுப்பார்த்தால் அது மலைச்சரிவில் படிக்கட்டாக வெட்டிய வயல். தண்ணீர் தட்டையாகப் பரவி நிற்கும் நம் சமவெளியில் அப்படி ஒரு வயல் இல்லை. நம் வாசகர் அதை ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த கணத்தில் இதழின்மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். கணினியே உருவாக்கித் தரும் படங்களிலும் இந்த ஆபத்து உண்டு.

மூன்றாவதாக, பேராவூரணிப் பக்கத்து மாணவர் ஒருவர் தன் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். காய்ந்த வாய்க்கால், அதன் நடுவில் முதல் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. முன்வரிசைத் தண்ணீர் சருகையும் குச்சியையும் பழுப்பு நுரையையும் தள்ளிக்கொண்டு, நாக்குப்போல நீண்டு, மணலில் பாதி உறிஞ்சப்பட்டபடி ஊர்ந்து வருகிறது. அதற்கு இரண்டடி முன்னால், ஈரம் படாத மணலில், ஒரு குழந்தையின் இரண்டு பாதங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. வாய்க்காலோரம் வளர்ந்த எவருக்கும் அந்த நுரையின் வாசனை தெரியும். பத்தடியில் பார்த்தால் படத்தில் இரண்டே வடிவங்கள்: கருத்த நீர்நாக்கு, சிறு பாதங்கள். அட்டை முடிவாகிவிட்டது.

அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே படத்தைப் பயன்படுத்தினோம். முகம் தெரியாவிட்டாலும் கேட்பதுதான் முறை. நடவு நடும் பெண்களைப் படமெடுப்பவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தன் படம் ஊர் முழுதும் தொங்குவதை முதன்முதலாகக் கடையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. இணையத்தில் கிடைக்கும் படத்துக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

மனித முகத்தைப் பயன்படுத்தினால், கண்கள் எங்கே பார்க்கின்றன என்று கவனியுங்கள். வாசகரை நேராகப் பார்க்கும் கண் அவரை நிறுத்தும். பக்கவாட்டில் பார்க்கும் கண், தான் பார்க்கும் திசைக்கு வாசகரையும் அழைத்துப்போகும். ஆகவே அந்தத் திசையில் அட்டை வரியை வையுங்கள். முகம் அட்டையை விட்டு வெளியே பார்த்தால் வாசகரும் பக்கத்து இதழைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆறாம் படி: அட்டை வரி எழுதுதல்

அந்தக் குறுவை இதழுக்கு மாணவர்கள் முதலில் எழுதிய வரி: ‘காவிரி நீர் மேலாண்மையும் குறுவைச் சாகுபடியும் - ஒரு பார்வை’. கருத்தரங்குக்கு வைக்கலாம். மனத்தில் நிறுத்திய வாசகர் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று திரும்பிப் போனோம். கல்லணைக் கால்வாயின் கோடியில் இருப்பவரின் கவலை, அணை திறந்ததா என்பதைப்பற்றியது அன்று; திறந்த தண்ணீர் தன் வயலுக்கு வந்துசேருமா என்பதைப்பற்றியது. ஒரு மாணவி எழுதினாள்: ‘திறந்தாச்சு. கடைமடைக்கு என்றைக்கு?’ அந்த ஒரு சொல், ‘கடைமடை’, பேராவூரணியிலும் வேதாரண்யத்திலும் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பதற்குச் சமம். வட்டாரச் சொல் ஒன்று அட்டை வரியில் அமைந்தால், வரி அரை நொடியில் சொந்தமாகிவிடும்.

வரியைச் சோதிக்க நான் கேட்கும் கேள்விகள் இவை. ஐந்து சொற்களுக்குள் அடங்குகிறதா? பேசும் வாயில் வருகிற வரியா? எண் இருந்தால் அந்த எண் உள்ளே உண்மையாக இருக்கிறதா? ‘ஏழு வழிகள்’ என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே ஐந்தைச் சொல்லி இரண்டை நீட்டிமுழக்குவது வாசகரின் பணத்தை எடுத்துக்கொள்வதே ஆகும். கேள்வி கேட்டால் கட்டுரை அதற்கு விடை சொல்ல வேண்டும். மேற்சொன்ன வரிக்காக எங்கள் மாணவர்கள் முந்தைய ஆண்டுகளில் தண்ணீர் வந்துசேர்ந்த நாள்களை உழவர்களிடம் கேட்டுத் தொகுத்து உள்ளே அட்டவணையாகக் கொடுத்தார்கள். அட்டை வரி எழுதியபிறகு கட்டுரையையே திருத்த வேண்டிவந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டால் உள்ளே காப்பாற்றியாக வேண்டும்.

அட்டையில் அச்சான சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்குத் தமிழ் இதழியலில் மறக்க முடியாத சான்று இருக்கிறது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்யும் நகைச்சுவைத் துணுக்கு ஒன்று வெளிவந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் இரண்டொரு நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். அதை அத்துடன் விடாமல் அவர் வழக்காடினார். உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. உள்பக்கத்தில் வந்திருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோயிருக்கக்கூடிய இரண்டு வரி அது. அட்டையில் வந்தால் அது இதழே பேசும் பேச்சாகிவிடுகிறது. எனவே அட்டை வரியைப் பொறுப்பாசிரியர் தானே எழுத வேண்டும், தானே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

ஏழாம் படி: தமிழ் எழுத்தும் வண்ணமும்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘விவசாயிகளுக்கான’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் வைத்தால் அட்டையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். உடனே வடிவமைப்பவர் சொல்லை இரண்டாக உடைக்கப் பார்ப்பார். உடைக்கவே கூடாது. எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கவும் கூடாது. நசுக்கினால் ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒன்றுபோலத் தெரியும். சொல்லை மாற்றுங்கள்: ‘உழவருக்கு’ என்றால் பாதி இடம் போதும். வரிகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடுங்கள். மேல்வரியில் ‘மூ’, ‘கூ’ போன்றவற்றின் கீழ்வளைவும் கீழ்வரியில் ‘கி’, ‘தீ’ போன்றவற்றின் மேற்கொக்கியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது நாம் அடிக்கடி பார்க்கும் குறை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. அட்டையை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள்.

வண்ணத்தில் நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நாற்றங்காலின் இளம்பச்சை, கணினித் திரையில் ஒளியால் மின்னும். அச்சிலோ சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் அந்தப் பச்சையை முழுதாகக் கொண்டுவர முடியாது. மஞ்சளை நிறையவும் சயானை அதில் பாதிக்கும் குறைவாகவும் வைத்து, மெஜந்தாவையும் கருப்பையும் அனேகமாக நீக்கிவிட்டால் ஓரளவு நெருங்கலாம். கருப்பு சிறிது கலந்தாலும் நாற்று, பாசி நிறத்துக்குப் போய்விடும்.

இதை நான் கற்றது இழப்பின் வழியாகத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வெளியிட்ட பொங்கல் மலருக்கு, மாலை வெயிலில் எடுத்த சம்பா வயல் படத்தை அட்டையாக வைத்தோம். திரையில் தங்கமாக மின்னியது. மாதிரிப் பிரதி கேட்காமல் ஐந்நூறு படிகளையும் அச்சடிக்கச் சொல்லிவிட்டோம். கட்டைப் பிரித்தபோது வயல் சேறாக இருந்தது. அதன்மேல் கருநீலத்தில் வைத்த தலைப்பு அடியோடு மறைந்துபோயிருந்தது. எழுதிய பிள்ளைகள் தங்கள் பெயர் வந்த மலரைக் கையில் வாங்கியபோது அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை இன்றும் நான் மறக்கவில்லை. அன்றுமுதல் அச்சுக்குப் போகுமுன் வண்ண மாதிரி ஒன்றை எடுத்து, குழல்விளக்கில் அல்லாமல் வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் ‘சரி’ சொல்வதில்லை.

எட்டாம் படி: டம்மியைத் தொங்கவிட்டுப் பார்த்தல்

இறுதி அட்டையை உண்மையான அளவில் அச்செடுத்து, பழைய இதழ் ஒன்றின்மேல் ஒட்டுங்கள்; இந்த மாதிரி இதழே டம்மி. கொடிக்கயிற்றில், வாங்கி வைத்த மற்ற இதழ்களோடு சேர்த்துக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று, வீட்டில் இதைப்பற்றி ஒன்றும் அறியாத ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று எண்ணும் நேரம் பார்க்கச் சொல்லிவிட்டுத் திருப்பி நிறுத்துங்கள். ‘என்ன பார்த்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் சொல்வது உங்கள் மேசையில் ஒட்டிய வாக்கியத்துக்கு அருகில் இல்லாவிட்டால், திருத்த வேண்டியது அட்டையைத்தான்.

ஒன்பதாம் படி: அச்சகமும் சட்டமும்

அட்டைப் படம் அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். ஏ4 அளவுக்கு 2480-க்கு 3508 புள்ளிகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். எழுத்தை விளிம்பிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். அட்டைக்கு 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) ஆர்ட் பேப்பர் போதுமானது. பளபளக்கும் லேமினேஷன் மதிய வெயிலில் கண்ணாடிபோல எதிரொளித்துப் படத்தை மறைக்கும் என்பதால், வெளியில் தொங்கப்போகும் இதழுக்கு நான் பளபளப்பில்லாத மேட் லேமினேஷனையே பரிந்துரைப்பேன்.

முறையாகத் தொடர்ந்து வெளிவரப்போகும் இதழ் என்றால் பதிவு செய்ய வேண்டும். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் (2023), 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது; விண்ணப்பத்தை இணையவழியே அளிக்கலாம். நீங்கள் விரும்பும் பெயரில் தமிழில் ஏற்கெனவே ஓர் இதழ் பதிவாகியிருந்தால் அது கிடைக்காது. ஆகவே அழகான பெயரெழுத்தை வரைந்து முடித்தபிறகு பதிவுக்குப் போகாமல், பெயர் கிடைத்தபிறகு வரையத் தொடங்குங்கள்.

பத்தாம் படி: வெளிவந்த பிறகு

இதழ் கடைக்குப் போன அன்றைக்கே மறுபடியும் அதே கடையின் ஓரத்தில் போய் நில்லுங்கள். யார் நின்றார்கள், யார் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள், எந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள் என்று குறியுங்கள். மாதக்கடைசியில் கடைக்காரர் திருப்பித்தரும், விற்காத இதழ்களின் ரிட்டர்ன் கட்டை எண்ணி, எந்தக் கடையில் எத்தனை மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஓராண்டு எழுதினால், எந்த வகை அட்டை எந்த ஊரில் எடுபடுகிறது என்பதை அந்த நோட்டே காட்டும்.

கடைசியாக, ஒரு வேண்டுகோளையும் படியாகவே சேர்க்கிறேன். நம் வட்டாரத்து வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. பல அருமையான கதைகள் முதல் அச்சின் ஓவியங்களோடு இன்றும் கிடைப்பது அந்தப் பழக்கத்தால்தான். ஆனால் பைண்டு செய்பவர்கள் முதலில் எடுத்தெறிந்தது அட்டையை. எந்த வாரம் வந்தது, அன்றைக்கு என்ன விலை, அந்த வாரம் ஊர் எதைப் பேசிக்கொண்டிருந்தது என்ற செய்திகளெல்லாம் அந்த அட்டையோடு போய்விட்டன. உங்கள் இதழின் ஓராண்டுத் தொகுதியைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது, ‘அட்டையைக் கழற்றாமல், நான்கு பக்கமும் இருக்கும்படி தையுங்கள், ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி, கட்டின் மேலேயே வைத்துக் கட்டிக் கொடுங்கள்.